முப்பத்திரண்டாயிரம் ரூபாய்ப் பலகை

"காது இருக்கிறவன் எண்டால் வரட்டும். இருந்து கேக்கட்டும். அதுக்குப் பிறகு கலியாணம் கதைப்பம்."

சென்ற ஞாயிற்றுக்கிழமை, மகள் தர்மினி அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், சிவபாதசுந்தரம் இப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போனார். கொட்டாஞ்சேனைப் பெடியன், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன், அம்பிளிபயர் திருத்துகிற கடை வைத்திருப்பவன் என்று மனைவி நாகேஸ்வரி அடுக்கிய காரணங்கள் ஒன்றும் அவரிடம் எடுபடவில்லை. வின்சன்ற் என்ற அந்தப் பெடியனுக்குத் தன்னுடைய ஸ்பீக்கருக்கு முன்னால் இருந்து நல்லதையும் கெட்டதையும் பிரித்துச் சொல்லத் தெரியுமா என்பதே அவருக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

மற்றத் தகப்பன்மார் மாப்பிள்ளையின் படிப்பை விசாரிப்பார்கள். குடும்பத்தை விசாரிப்பார்கள். இந்த மனிதர் காதை விசாரிக்கிறார். அதை நினைக்க நினைக்க நாகேஸ்வரிக்கு அந்த வாரம் முழுவதும் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று மீண்டும் ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கு வின்சன்ற் வருவான்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றின் கடைசி மாடிக் கட்டடத்தில் அவர்களுடைய வீடு இரண்டாவது தட்டில் இருந்தது. சன்னலுக்குக் கீழே ரயில் பாதை. அதற்கு அப்பால் கடல். ரயில் போகும்போது அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று கதைக்கும். இப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டுதான் சிவபாதசுந்தரம் இரண்டு வருடங்களாக அதிர்வை ஒழிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

நாகேஸ்வரி கூட்டுமாற்றுடன் ஹோலுக்குள் வந்து அந்தப் பாடுகளை ஒருமுறை பார்த்தாள்.

ஸ்பீக்கர்களின் கீழே பித்தளைக் கூம்புகள். கூம்பு நிலத்தைக் கீறாமல் இருக்க ஒவ்வொன்றின் கீழும் ஒரு ரூபாய் நாணயக் குற்றி. அம்பிளிபயருக்குக் கீழே, கல்லறைக் கல் வெட்டுகிற இடத்தில் சொல்லி எடுப்பித்த கருங்கல். வயர் நிலத்தில் படக்கூடாதாம் என்று அதற்குச் சின்னச் சின்ன மரக் கட்டைகள். நோயாளியின் காலை உயர்த்தி வைத்ததுபோல வயர் அவற்றின்மேல் படுத்திருந்தது. ஸ்பீக்கர் நிற்கிற இரும்புத் தாங்கிகளுக்குள் மணல் நிரப்பினால் அதிர்வு குறையும் என்று யாரோ சொல்ல, கடற்கரையில் அள்ளிவந்த மணலை ஈரம் போக அவளுடைய மா வறுக்கிற தாச்சியில் போட்டு வறுத்தவர் அவர். அதற்குப் பிறகு ஒரு மாதம் பிட்டுக் கடித்தால் பல்லில் நறநறத்தது.

கூம்பு, தாங்கி எல்லாம் விற்றவன் நுகேகொடையில் கடை வைத்திருந்த ஒருவன். அவனை நாகேஸ்வரி ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். கோயில் ஐயர்மாரிடம்கூட அவள் அவ்வளவு பவ்வியத்தைக் கண்டதில்லை. பூட்டியிருக்கிற பழைய வயரைத் தொடவே கூடாது, மாசக்கணக்காக அதற்குள் சத்தம் ஓடி ஓடித்தான் வயர் பதம்வரும், கழற்றினால் பழையபடி முதலிலிருந்து தொடங்கவேணும் என்று அவன் சொல்லிக்கொடுத்தான். காப்புறுதிக் கொம்பனியில் முப்பது வருடம் வேலை பார்த்து, வருகிறவன் போகிறவன் எல்லாரையும் சந்தேகக் கண்ணால் பார்த்துப் பழகிய மனிதர், அவனுக்குமுன் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார். அன்றையிலிருந்து வயரில் தூசி தட்டவும் வீட்டில் தடை.

கடைசியாக வந்து சேர்ந்தது பலகை. இரண்டு தட்டுப் பலகை, நடுவில் ஏதோ கறுப்பு ரப்பர். ரெக்கோட் பிளேயருக்குக் கீழே வைப்பதற்கு. விலை முப்பத்திரண்டாயிரம் ரூபாய். நாகேஸ்வரியின் நாலு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட. ஒரு கிழமை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம், திங்கட்கிழமை காசு அல்லது பலகை என்று கடைக்காரன் கொடுத்துவிட்டிருந்தான்.

"அரியதரப் பலகாரம் உருட்டுற பலகையும் இவ்வளவு பாரம்தான்," என்றாள் நாகேஸ்வரி, கூட்டிக்கொண்டே.

சிவபாதசுந்தரம் சுவரில் ஒட்டியிருந்த ரயில் நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு இருபதுக்கும் நாலு ஐம்பதுக்கும் நடுவில் ரயில் இல்லை. பலகை வைத்தும் எடுத்தும் வின்சன்றைச் சோதிக்க அந்த அரை மணித்தியாலம்.

நாகேஸ்வரி பெண்கள் பாடசாலையொன்றில் இருபத்திரண்டு வருடமாக உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறாள். அதிர்வு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அளக்க முடியாத எதையும் அவள் நம்புவதில்லை. அளக்க முடியாததற்குக் காசு கொடுப்பவர்களை மதிப்பதும் இல்லை. அப்படி ஒருவர் தன் வீட்டிலேயே இருக்கிறார் என்பதை ஸ்ராஃப் றூமில் அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன், நகரத்தில் கரண்ட் வெட்டு இருந்த காலத்தில், ஒழுங்கை முழுவதும் தமிழ் வீடுகளில் பொலிஸ் தேடுதல் நடந்தது. வந்தவர்கள் அலுமாரியைக் கொட்டினார்கள். ஸ்பீக்கர்களின் வயரை இழுத்துக் கழற்றி, பின்பலகையைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவினார்கள். பிறகு விசாரிக்கவேணும் என்று சிவபாதசுந்தரத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அவர் திரும்பி வந்தபோது வீடு பழையபடி இருந்தது. அவர் கண்ணில் ஒன்றும் படக்கூடாது என்று நாகேஸ்வரி கொட்டியதை அடுக்கி, கழற்றியதைப் பூட்டி, நிலத்தையும் கழுவியிருந்தாள்.

அவர் தேத்தண்ணி குடித்தார். ஒரு நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்னவோ குறையுது. தவிலின்ர தொப்பிப் பக்கம் காணேல்லை," என்றார்.

அந்த இரவைப்பற்றி அவர் அதற்குப் பிறகு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. தவிலின் தொப்பிப் பக்கத்தைப்பற்றி மட்டும் இரண்டு வருடமாகக் கதைத்தார். வலந்தலைப் பக்கம் விரல்கள் பொரிவது கேட்கிறதாம். தொப்பியில் கழி விழுகிற கனத்த அடிதான் இல்லையாம். பொலிஸில் ஒரு இரவு இருந்துவிட்டு வந்த மனிதர் மனைவியுடன் மனம்விட்டுக் கதைக்காமல் பித்தளைக் கூம்பு வாங்குகிறாரே என்று ஆரம்பத்தில் அவளுக்கு வலித்தது. பிறகு வலி நின்று இளக்காரம் வந்தது. இளக்காரம் வசதியாகவும் இருந்தது.

காலையில் தர்மினி வின்சன்றுடன் தொலைபேசியில் மெல்லக் கதைத்தது அவளுடைய காதில் விழுந்திருந்தது. வித்தியாசம் கேக்குது எண்டு மட்டும் சொல்லுங்கோ, ஒரு பொய்தானே, என்று மகள் கெஞ்சினாள். கேட்டுக்கொண்டு நின்ற நாகேஸ்வரிக்கு மனம் லேசாகிவிட்டது. கேட்கிறது என்று சொன்னால் அவன் ஒரு பச்சோந்தி என்று அவள் முடிவுகட்டுவாள். கேட்கவில்லை என்று சொன்னால் அவரே வாசலைக் காட்டுவார். எப்படிப் பார்த்தாலும் ஐந்து மணிக்குள் கொட்டாஞ்சேனைக் கதை முடிந்துவிடும்.

வின்சன்ற் நாலு பத்துக்கு வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளை சேர்ட், வெறும் கை. பஸ்ஸை இரண்டு சோதனைச் சாவடியில் மறித்து எல்லாரையும் இறக்கிப் பார்த்தார்களாம். வேலைச் சாமான் பை ஒன்றும் கொண்டுவரவில்லையா என்று சிவபாதசுந்தரம் கேட்டார். வயரும் பற்றறியும் கொண்டு பஸ்ஸில் வந்தால் எங்கே போய்ச் சேர்வேனோ தெரியாது, அதனால் காதை மட்டும் கொண்டுவந்தேன் என்று அவன் சொன்னான். தர்மினி சிரித்தாள். நாகேஸ்வரி சிரிக்கவில்லை.

நாலு இருபது ரயில் போய், கோப்பைகள் அடங்கிய பிறகு சோதனை தொடங்கியது. பலகையின்மேல் ரெக்கோட் பிளேயரை வைத்து ஐந்து நிமிடம். பலகையை எடுத்துவிட்டு அதே இடத்தை மறுபடி ஐந்து நிமிடம். வின்சன்ற் கண்ணை மூடித் தலையைக் குனிந்து கேட்டான். தர்மினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்பிடி?" என்றார் சிவபாதசுந்தரம்.

வின்சன்ற் தர்மினியை ஒருமுறை பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"எனக்கு ஒரு வித்தியாசமும் கேக்கல்ல, அங்கிள்."

தர்மினி உள்ளே போய்விட்டாள். சிவபாதசுந்தரத்தின் முகம் மெல்லக் கறுத்தது. எல்லாருக்கும் காது ஒரேமாதிரி இல்லைத்தான், கோயில் திருவிழாவுக்கு ஹோண் ஸ்பீக்கர் கட்டிப் பழகின காதுக்கு இது பிடிபடாது என்று அவர் சொன்னார். வின்சன்ற் மறுத்துப் பேசவில்லை. ரெக்கோட் பிளேயருக்கு அதிர்வு ஆகாது என்பது உண்மை, ஆனால் அதற்குச் சுவரில் இரண்டு இரும்புத் தாங்கி அடித்து ஒரு சாதாரணப் பலகை போட்டால் போதும், நானூறு ரூபாய் வரும், மற்றக் கூம்பும் கல்லும் வடிவுக்கு வைத்திருக்கலாம் என்று மட்டும் சொன்னான்.

அவன் நேர்மையாகத்தான் சொன்னான் என்பது நாகேஸ்வரிக்கு விளங்கியது. ஆனாலும் அந்த நேரத்தில் அவனைப்பற்றி யோசிக்க அவளுக்கு மனம் இல்லை. இரண்டு வருடமாகக் காத்திருந்த சந்தர்ப்பம் கைக்கு வந்திருந்தது.

"நீங்கள் கேளுங்கோவன்," என்றாள் கணவனிடம். "உங்களுக்குத்தானே நல்ல காது. கடல் பக்கம் திரும்பி இருங்கோ. நான் மாத்தி மாத்தி வைக்கிறன்."

அவர் கதிரையைத் திருப்பிப் போட்டுச் சன்னலைப் பார்த்து இருந்தார். நாகேஸ்வரி பலகையைத் தூக்கிக்கொண்டு போய்க் குசினிச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள். ரெக்கோட் பிளேயரைத் தூக்கினாள், டொக்கென்று அதே மேசையில் வைத்தாள். ஊசியை இறக்கினாள். பிறகு பிளேயரை மறுபடி தூக்கினாள், அதே இடத்தில் வைத்து மறுபடி ஊசியை இறக்கினாள்.

"இப்ப பலகை இருக்கு," என்றார் அவர், முதுகைக் காட்டியபடியே. "நாதஸ்வரம் தெளிவா வருது. தொப்பியும் கொஞ்சம் கிட்ட வந்திருக்கு."

"திரும்பிப் பாருங்கோ."

அவர் திரும்பினார். மேசையைப் பார்த்தார். குசினி வாசலினூடாகத் தெரிந்த பலகையைப் பார்த்தார்.

"முதல் தரமும் அது அங்கதான் நிண்டது. ரெண்டாந்தரமும் அங்கதான் நிண்டது," என்றாள் நாகேஸ்வரி. வகுப்பில் கணக்குப் பிழைவிட்ட பிள்ளையிடம் கதைக்கிற அதே குரல். "முப்பத்திரண்டாயிரம்."

அவர் கதிரையில் இருந்தபடியே வலது காதைக் கையால் மெல்லத் தடவிக்கொண்டார். வெளியாள் ஒருவனுக்கு முன்னால் இதைச் செய்திருக்க வேண்டாமோ என்று நாகேஸ்வரிக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை அவள் ஒதுக்கிவிட்டாள்.

வின்சன்ற்தான் எழுந்தான். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் போய் நின்றான். ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்தான், ஒரு அடி வலப்பக்கம் நகர்ந்தான்.

"ஆனா அங்கிள் சொல்றதும் பொய் இல்ல," என்றான். "தொப்பி இல்லத்தான். நான் வந்து இருந்த நேரமே நினைச்சேன். பலகை இருந்தாலும் இல்ல, எடுத்தாலும் இல்ல." பிறகு நாகேஸ்வரியின் பக்கம் திரும்பினான். "ஆன்ரி, வீட்டில டோர்ச் பற்றறி ஒண்டு இருக்கா?"

அவன் எதற்குக் கேட்கிறான் என்று நாகேஸ்வரிக்கு உடனே விளங்கிவிட்டது.

ஸ்பீக்கர் வயரில் பற்றறியைத் தொடுத்தால் உள்ளே இருக்கிற கடதாசிக் கூம்பு முன்னே தள்ளும் அல்லது பின்னே இழுக்கும். எந்த முனை எதில் பூட்டியிருக்கிறது என்று பார்க்கிற வழி அது. இரண்டு ஸ்பீக்கர்களும் ஒன்றாக முன்னே வரவேணும். ஒன்று தள்ள மற்றது இழுத்தால், ஒன்று தருகிற கனத்த ஒலியை மற்றது விழுங்கிவிடும். மெல்லிய சத்தங்கள் தப்பும், கனத்தவை காணாமற் போகும். ஒன்றுக்கொன்று எதிரான அலைகள் என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் அவள் கீறிக் காட்டுகிற பாடம் அது. அந்த வயரை யார் பூட்டியது என்பதும் அவளுக்குத் தெரியும்.

பற்றறி இல்லை என்று சொல்லலாம். கடைகள் ஞாயிற்றுக்கிழமை பூட்டு. அவள் சாமி அறைக்குப் போய், விளக்குத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த டோர்ச்சைத் திறந்து, பற்றறியை எடுத்து வந்து அவனுடைய கையில் வைத்தாள்.

வயரைக் கழற்றக் கூடாது என்று சிவபாதசுந்தரம் வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சரி என்று கையைக் காட்டிவிட்டார்.

வின்சன்ற் ஸ்பீக்கர்களின் முன்துணியை இழுத்து எடுத்தான். அம்பிளிபயர்ப் பக்கம் வயர்களைக் கழற்றி, அடையாளக் கோடு உள்ள முனையைப் பற்றறியின் பிளஸ்ஸிலும் மற்றதை மைனஸிலும் தொட்டான். வலப்பக்கக் கூம்பு டக்கென்று முன்னே வந்தது. இடப்பக்க வயரில் தொட்டான். அந்தக் கூம்பு உள்ளே போனது.

"இன்னொருக்கால்," என்றார் சிவபாதசுந்தரம். அவர் கதிரையிலிருந்து இறங்கி நிலத்தில் முழங்காலில் நின்றார்.

ஒன்று வந்தது. ஒன்று போனது.

வின்சன்ற் இடப்பக்க ஸ்பீக்கரின் பின்னால் குனிந்தான். அங்கே வயர் நழுவாமல் இருக்க, தையல் பெட்டி நீல நூலால் பொம்பிளைக் கை ஒன்று எட்டுச் சுற்றுச் சுற்றி அழகாக முடிச்சுப் போட்டிருந்தது. அவன் அந்த முடிச்சைப் பார்த்தான். நிமிர்ந்து நாகேஸ்வரியைப் பார்த்தான். அவள் சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"ஆர் இப்பிடிப் பூட்டினது?" என்று சிவபாதசுந்தரம் கேட்டார்.

"தேடுதலுக்கு வந்தவங்க அவசரத்தில மாத்திக் குத்தியிருப்பாங்க, அங்கிள்." அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்துச் சேர்ட் பையில் போட்டுக்கொண்டான். "எத்தனையோ வீட்டில இப்பிடிப் பாத்திருக்கேன்."

வயரை மாற்றிப் பூட்டினான். ஊசியை இறக்கினான்.

தவில் வந்தது. தொப்பியில் விழுந்த முதல் அடி நிலத்தால் வந்து நாகேஸ்வரியின் உள்ளங்காலில் தட்டியது. உள்ளே அழுதுகொண்டிருந்த தர்மினி வாசலுக்கு வந்துவிட்டாள்.

சிவபாதசுந்தரம் நிலத்தில் இருந்தபடியே தனி ஆவர்த்தனம் முழுவதையும் கேட்டார். பாட்டு முடிந்து இசைத்தட்டு வெறுமனே சுற்றத் தொடங்கிய பிறகுதான் கதைத்தார்.

"அண்டைக்குப் பொலிஸ் ஸ்டேசனில ஒருத்தன் இந்தக் காதைப் பொத்தி அறைஞ்சவன்," என்றார், வலது காதைத் தொட்டு. "வீட்டை வந்து கேட்டால் தொப்பி இல்லை. காதுதான் போச்செண்டு நினைச்சன். டொக்டரிட்டப் போகப் பயமா இருந்தது. நுகேகொடைக்காரன் காது இல்லை, அதிர்வுதான் எண்டு சொன்னான். அவன் சொன்னதெல்லாம் வாங்கினன்."



இரண்டு வருடமாக இந்த வீட்டில் அவள் சிந்திய இளக்காரம் எல்லாம் ஒன்றுசேர்ந்து திரும்பி வந்து நாகேஸ்வரிக்கு முன்னால் நின்றது. கூம்பையும் கல்லையும் அளந்தவள், கையால் காதைத் தடவுகிற மனிதரை ஒருநாளாவது அளந்து பார்க்கவில்லை. அவள் பேசாமல் இருக்கலாம். பொய் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. சாட்சி ஒரு சேர்ட் பைக்குள் பத்திரமாக இருந்தது. தனக்காக ஒரு சின்னப் பொய் சொல்ல மறுத்த பெடியன், அவளுக்காக ஒன்று சொல்லியிருந்தான்.

"பொலிஸ்காரர் பூட்டேல்லை," என்றாள். "நான்தான் பூட்டினனான். கரண்ட் இல்லை. மெழுகுதிரி வெளிச்சம். நீங்கள் வரேக்க எல்லாம் சரியா இருக்கவேணும் எண்டு."

சிவபாதசுந்தரம் நிலத்தில் இருந்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வருகிறதா என்று அவள் காத்திருந்தாள்.

"பிளஸ், மைனஸ்," என்றார் அவர். "எத்தினை வருசமாய்ப் படிப்பிக்கிறீர்?"

"இருபத்திரண்டு."

"பிள்ளையள் பாஸ் பண்ணுதுகளோ?"

இரண்டு வருடங்களுக்குப் பிறகு அவர் அவளைப் பகிடி பண்ணியது அதுதான் முதல் தடவை. நாகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போனாள். பலகை அங்கே சாத்தியபடி நின்றது. நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் தானே அதை நுகேகொடைக்குக் கொண்டுபோய், அந்தப் பவ்வியக்காரனின் மேசையில் டொக்கென்று வைப்பது என்று தீர்மானித்தாள். வைக்கும்போது சொல்ல ஒரு நல்ல வசனமும் ஆயத்தமாக இருந்தது.

தேத்தண்ணித் தட்டுடன் திரும்பி வந்தபோது நாலு ஐம்பது ரயில் பிந்திப் போய்க்கொண்டிருந்தது. வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த இசைத்தட்டை ஒருவரும் நிறுத்தவில்லை. முதல் கோப்பையை அவள் வின்சன்றுக்கு நீட்டினாள்.

"தம்பி, வாற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கொட்டாஞ்சேனைக்கு வாறம். அம்மாவிட்டச் சொல்லி வையும்."

தர்மினி வாயைப் பொத்திக்கொண்டாள். வின்சன்றின் கையில் கோப்பை சாய்ந்து தேத்தண்ணி சோசருக்குள் வழிந்தது. இரண்டு சோதனைச் சாவடிக்கும் பயப்படாமல், சிவபாதசுந்தரத்தின் முகத்துக்கும் பயப்படாமல் இருந்த பெடியனின் நெற்றி இப்போது வியர்த்திருந்தது.

"அம்மாவுக்கு..." என்றான். "அம்மாவுக்கு இன்னும் ஒண்டும் தெரியாது, ஆன்ரி. வெள்ளவத்தை சைவப் பிள்ளை எண்டு நான் இன்னும் வாயே திறக்கல்ல. அவங்க மாதாவுக்கு நேர்த்தி வச்சு எனக்கு நீர்கொழும்பில ஒரு இடம் பாத்து வச்சிருக்காங்க."

தர்மினியின் கை வாயிலிருந்து இறங்கியது. அவளுக்கும் இது புதுச் செய்தி.

நாகேஸ்வரி அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கைவசம் மிச்சமிருந்த இளக்காரத்தை ஒரு துளியும் வைக்காமல் அவன்மேல் ஊற்றினாள்.

"அம்மாவிட்ட வாய் திறக்கிறதுக்கும் பற்றறி வேணுமோ, தம்பி?"